நீங்கள் கேட்டு வாங்கிய தாழ்ந்த பாதி

அக்கா,

மச்சு முழுவதும் பசை வாடை. புது அலமாரிக்குக் கடைசிக் கதவை மாட்டிவிட்டு ஆட்கள் இப்போதுதான் இறங்கிப் போனார்கள். ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்தும் மூக்கை அரிக்கிறது. நான் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். கையில் உங்கள் சாவி. திறப்பதற்கு இனிப் பூட்டு கிடையாது. பூட்டும், பூட்டு தொங்கின கதவும், கதவு நின்ற பிலாப் பலகையும் எல்லாம் புறக்கடையில் மழையில் நனையக் கிடக்கிறது. ஆனாலும் இந்தச் சாவியைத் தூக்கி வீச எனக்கு மனசு வரவில்லை.

கேட்க வேண்டியதை நீங்கள் இருந்தபோதே கேட்டிருக்கலாம். என்ன செய்ய? அண்ணனுக்கு நீங்கள், தம்பிக்கு நான் என்று ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தோம். ஒரே அடுக்களையில் புகை தின்றோம். அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, இந்தப் பெரிய வீட்டில் நாம் இரண்டு பேர் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்றோம். அத்தனை காலமும் நான் உங்களைச் சந்தேகப்பட்டேன். அது உங்களுக்குத் தெரியும். நீங்களும் என்னைச் சந்தேகப்பட்டீர்கள். எனக்கா தெரியாது? கடைக்குப் போய் வந்தால் என் பையை முதலில் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பீர்கள்.

எல்லாம் அந்த அலமாரியில் தொடங்கியது. இல்லை, அதற்கு முன்பே தொடங்கியதுதான். அலமாரி வந்த பிறகு என் சந்தேகத்துக்கு வைத்துப் பூட்ட ஒரு இடம் கிடைத்தது, அவ்வளவே.

புறக்கடையில் நின்ற பிலா மரம் காற்றில் சாய்ந்தபோது, "இத விக்கண்டாம், பொம்பளையளுக்கு அலமாரி செய்வோம்" என்று அண்ணனும் தம்பியும் அதிசயமாக ஒன்றுபோலச் சொன்னார்கள். அதுவரை நம் சேலைகளெல்லாம் டிரங்குப் பெட்டியில் நசுங்கிக் கிடந்தன. கீழே அறைகளில் இடமில்லை. மச்சில் கிழக்குச் சுவர் ஒன்றுதான் காலியாக இருந்தது. ஆனால் ஓட்டுக்கூரை. முகட்டுப் பக்கம் கை எட்டாத உயரம். கூரை இறங்கும் பக்கம் போகப்போகக் குனிய வேண்டும், பிறகு முட்டிபோட வேண்டும், கடைசியில் தவழத்தான் வேண்டும். ஆசாரி வந்து வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அந்தச் சரிவை ரொம்ப நேரம் பார்த்தார்.

"கடையில வாங்குத அலமாரி இதுக்குள்ள நிக்காது. கூரை எப்பிடி இறங்குதோ அப்பிடியே இதுவும் இறங்கணும்" என்றார். இரண்டு ரீப்பர் மரத் துண்டுகளை ஒரே ஆணியில் கோத்து, ஒன்றைச் சுவரிலும் ஒன்றைக் கூரையிலும் சாய்த்துச் சரிவை அப்படியே எடுத்துக்கொண்டார். பிறகுதான் கேட்டார், நடுப்பலகையை எங்கே நிறுத்த என்று.

இரண்டு பேருக்கு இரண்டு பாதி. நீளத்தில் சமமாக வெட்டினால் ஒரு பாதி நெடியது, ஒரு பாதி குட்டை. மூத்தவர் நீங்கள், நெடிய பாதியைத்தான் எடுப்பீர்கள். எடுத்த பிறகு குட்டைப் பாதிக்கு ஒரு சாண் நீளம் கூடக் கேட்கலாம் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன்.

"எனக்கு அந்தத் தாழ்ந்த பாதி போதும் ஆசாரியே. சரிபாதியாட்டே நிறுத்தும். இவ நெடியவ, நிமிர்ந்து நின்னு எடுக்கட்டு" என்றீர்கள்.

தானாக விட்டுக்கொடுக்கிற ஆளா நீங்கள்? "எனக்கென்ன, வால் துண்டே போதும்" என்று வாயால் சொல்லிக்கொண்டே, அகப்பையால் நடுத்துண்டைத் தேடி எடுக்கிற கை அது. மீன் சட்டிக்குள் கண்ணாலேயே எடை போடுகிறவர், நல்ல பாதியை எனக்குத் தந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இதில் ஏதோ இருக்கிறது என்று அந்த நிமிஷமே எனக்குப் பட்டுவிட்டது.

அன்று முதல் கண் கொட்டாமல் பார்த்தேன். நேரம் பார்த்து, பேச்சிப்பாறைப் பக்கம் இருக்கும் என் அம்மைக்கு மேலுக்குச் சுகமில்லை என்று ஆள் வந்தது. போய்த்தானே ஆகவேண்டும். திரும்பி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. உங்கள் பாதிக்குப் பித்தளைப் பூட்டு, சாவி உங்கள் இடுப்பில். போதாததற்கு, அடுத்த வீட்டுக்காரி ஒரு செய்தி சொன்னாள். நான் இல்லாத நாளில் ஆசாரிக்கு அவியல், பப்படம், பாயசம் என்று இலை நிறைய ஊண் போட்டிருக்கிறீர்களாம். நான் இருந்த நாளெல்லாம் அந்த மனுஷனுக்குக் கஞ்சியும் துவையலும்தான். பாயசம் எதற்கு அக்கா?

அதற்குப் பதில் எனக்கு ஒரு நாள் கிடைத்தது. நீங்கள் பூட்ட மறந்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தீர்கள். நான் ஒட்டடைக் கம்பை எடுத்து உங்கள் பாதிக்குள் விட்டேன். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கம்பு முட்டவில்லை. போய்க்கொண்டே இருந்தது. சுவரின் தலைக்கு மேலே, கூரை வெளியே நீண்டு இறங்குகிற இறவாரத்துக்குள்ளே ஆசாரியைக் கொண்டு ஆழமாக ஒரு குழி அடித்து வாங்கியிருந்தீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் குட்டைப் பாதி. உள்ளே போனால் என் பாதியைவிட நீளம்.

"அடி கள்ளி" என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லிவிட்டு, பொய் சொல்லவில்லை, எனக்குச் சந்தோஷமும் வந்தது. என் சந்தேகம் ஜெயித்துவிட்டதல்லவா? உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் "எனக்க பாதிக்குள்ள உனக்கு என்னட்டி சோலி?" என்று திருப்பிப் போட்டிருப்பீர்கள். கம்பை விட்டது நான்தானே.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் என் உருளி காணாமல் போனது. என் அம்மை எனக்குத் தந்துவிட்ட வெண்கல உருளி. பரந்த வாய், உயரம் கிடையாது, பாயசம் வைத்தால் அடி பிடிக்காது. பரணில் இல்லை, அடுக்களையில் இல்லை. உங்களிடம் வந்து கேட்டேன்.

"ஏதோ கல்யாண வீட்டுக்குக் கேட்டாவ, குடுத்தோமே. திரும்பி வரல்லியா?" என்று என்னையே கேட்டீர்கள்.

"எந்தக் கல்யாண வீடு?"

"எத்தன கல்யாணம் நடக்குது! எனக்கு ஓர்மை இருக்கா மக்கா?"

'மக்கா' என்றீர்களே, அதில்தான் மாட்டிக்கொண்டீர்கள். சாதாரண நாளில் நான் உங்களுக்கு 'ஏட்டி'. பொய் சொல்லும்போது மட்டும் 'மக்கா'. என் உருளி அந்த இறவாரக் குழிக்குள்தான் இருக்கிறது, உங்கள் மகள் கல்யாணத்துக்குச் சீராகப் போகப்போகிறது என்று முடிவு கட்டினேன். உங்கள் மகளுக்குக் கல்யாணம் ஆனது. குழித்துறைக்கு அவளை வழியனுப்பும்போது, சீர்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியைப் பார்த்தேன். துடைத்துத் தருகிறேன் என்று சாக்கு. என் உருளி அதில் இல்லை. அப்படியானால் வேறு யாருக்கு வைத்திருக்கிறாள் என்று புதிதாக யோசிக்க ஆரம்பித்தேன்.

மழைதான் என்னைப் பைத்தியமாக்கியது. வைகாசி நடுவில் தொடங்குகிற இடவப்பாதி மழை இடித்துக்கொண்டு இறங்கும். ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கட்டன் சாயா குடிக்கும். நீங்கள் மட்டும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு மச்சுப் படி ஏறுவீர்கள். "எங்க போறீங்க?" என்று கேட்டால், "வத்தல் நனையுதான்னு பாக்கணும்" என்பீர்கள். அந்த வருஷம் நாம் வத்தலே போட்டிருக்க மாட்டோம். கொஞ்ச நேரத்தில் வாளியை ஒரு துண்டால் மூடி இறக்கிக்கொண்டு வருவீர்கள், கனத்தைக் காட்டாமல், மெள்ள. நேராகப் புறக்கடை.

ஒரு தடவை படியின் அடியில் மறைந்து நின்று மறித்தேன். துண்டை இழுத்தேன். வாளி நிறையத் தண்ணீர்.

"மேல தரை துடைச்சேன்" என்றீர்கள்.

இந்த மழையில் யாராவது தரை துடைப்பார்களா? எனக்கு ஒரே யோசனைதான் வந்தது. தண்ணீருக்கு அடியில் எதையோ ஒளித்துக் கொண்டுபோகிறாள். முழங்கை வரை வாளிக்குள் விட்டுத் துழாவினேன்.

"என்னட்டி, மீன் தேடுதியா?"

ஒன்றும் கிடைக்கவில்லை. கையை உதறிக்கொண்டு போனேன். உங்கள் சிரிப்பு புறக்கடை வரை கேட்டது. ஆனால் சிரித்த ஆள் ஏன் வாளியைக் கைமாற்றித் திரும்பிப் பார்த்துப் பார்த்துப் போனீர்கள் என்றும் நான் கவனித்தேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது. எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை, அதுதான் கதை.

போன கார்த்திகையில் நீங்கள் கட்டிலில் விழுந்தீர்கள். உங்கள் மகள் வந்து தலைமாட்டில் இருந்தாள். மத்தியானம் மழை பிடித்தது. ஓட்டில் சத்தம் கேட்டதும் நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். மகளை விட்டுவிட்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டீர்கள். இடுப்பிலிருந்த சாவியை அவிழ்க்க உங்களால் முடியவில்லை, மகள்தான் அவிழ்த்தாள். அதை வாங்கி என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினீர்கள்.

"மழை பெய்தா மேல போய் நீயே திறந்து பாரு. கேட்டியா? நீயே பாரு."

ஏன் எனக்கு? பெற்ற மகள் பக்கத்தில் நிற்கும்போது ஏன் எனக்கு? என் புத்தி போன போக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். உள்ளே எது எது இருக்கிறது என்று மகளிடம் முன்பே சொல்லி வைத்திருப்பாள், நான் திறந்ததும் ஒன்று குறைகிறது என்று பழி போடப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். சாகக் கிடக்கிற மனுஷியைப் பற்றி இப்படி நினைக்க என்னால் முடிந்தது. உங்களைப் பற்றி என்பதால் முடிந்தது. சாவியை எல்லார் கண்ணும் படுகிற மாதிரி அடுக்களை வாசலில் ஆணியில் தொங்கவிட்டேன். நீங்கள் போன பிறகும் நான் அதைத் தொடவில்லை. எத்தனையோ மழை பெய்தது. போகட்டும், எனக்கென்ன என்று இருந்தேன்.

இந்த ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் போக, என் பாதியைத் திறந்தேன். குப்பென்று அடித்தது பூஞ்சை நாற்றம். அடித்தட்டில் இருந்த என் கூறைச்சேலை கறுத்துப்போய், கையில் எடுத்ததும் மடிப்போடு கிழிந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருஷம் ஒரு பூச்சி அரிக்காத சேலை, நீங்கள் போய் ஒரு வருஷம் திரும்புவதற்குள் இப்படியா? அழுதுகொண்டே உங்களைத்தான் திட்டினேன். போகும்போது ஏதோ செய்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று.

என் மகன் துபாயிலிருந்து மருமகளோடு லீவில் வந்திருந்தான். "பழசைப் பூராப் பொளிச்சுட்டு மாடர்னா கபோர்டு அடிப்போம்மா" என்றான். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு இன்டீரியர்காரரைக் கூட்டிவந்தான். அவர் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற கருவியை வைத்துச் சரிவை அளந்தார். உங்கள் பாதியைப் பிரிக்க வேண்டும் என்றதும், உங்கள் மகள் வந்து நிற்காமல் பூட்டைத் தொடக்கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். வந்தாள். "உனக்க அம்மைக்க பொருள், நீயே நின்னு பாத்துக்க" என்று சாவியை அவளிடம் கொடுத்தேன். அப்போதும் நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன், பார்த்தீர்களா.

கதவு திறந்தது. முன்னால் ஒரு ஓரத்தில் ஒடுக்கமாக உங்கள் சேலைகள், பிளாஸ்டிக் உறைக்குள். வேறு ஒன்றும் இல்லை. அத்தனை ஆசைப்பட்டு வாங்கின ஆழத்தில் ஒரு துணி, ஒரு பாத்திரம், ஒன்றும் நீங்கள் வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் குழியின் வாயில் என் உருளி மட்டும் இருந்தது.

விளிம்பு வரை தண்ணீர், மேலே பச்சைப் பாசி. உள்ளே நாலாக மடித்துப் போட்ட உங்கள் பழைய நேரியல் துணி. சொட்டு விழுகிற சத்தம் கீழே கேட்காமல் இருக்கத்தானே அக்கா அதைப் போட்டீர்கள்? உருளி நிறைந்து வழிந்த தண்ணீர், பலகைச் சரிவில் ஓடி, நடுப்பலகைக்கு அடியில் நுழைந்து, நேராக என் சேலைக்குப் போயிருந்தது. தரைப் பலகையில் அதன் கறை கோடாகக் கிடந்தது.

நான் ஆணியில் தொங்கவிட்டே வைத்திருந்து, இப்போது உங்கள் மகள் கையில் இருந்த சாவியையும் அந்தக் கறைக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

இன்டீரியர்காரர் உள்ளே தவழ்ந்து டார்ச் அடித்தார். "இங்க பட்டியல அறுத்து எடுத்திருக்காங்க" என்றார். ஓட்டைத் தாங்குகிற சட்டம் அது. "இடம் வேணும்னு அறுத்திருக்கணும். ஓட்டுக்குத் தாங்கல் இல்ல, இறங்கிப்போய்க் கிடக்கு. செஞ்ச நாள்ல இருந்தே ஒழுகியிருக்கும். யாரு இந்தக் கூத்தப் பண்ணச் சொன்னது?"

மகன் உங்கள் மகளைப் பார்த்தான். "பெரியம்மைக்க பாதியில்லா இது?"

உங்கள் மகள் முகம் செத்துப்போயிற்று. "சித்தி, இது உங்க உருளியில்லா? நீங்க தேடித் தேடி நடந்ததாக்கும். அம்மையா எடுத்து ஒளிச்சு வச்சிருந்தா?"

எத்தனை வருஷம் காத்திருந்தேன் இந்த நாளுக்கு! திருட்டு கையும் களவுமாகக் கிடக்கிறது. ஆசைப்பட்டு அறுத்தது நீங்கள், எடுத்தது நீங்கள், பொய் சொன்னது நீங்கள். சாட்சிக்கு உங்கள் மகளையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். வாயைத் திறந்தால் போதும்.

"நாந்தான் அறுக்கச் சொன்னேன்" என்றேன். "இடம் கூடக் கிடைக்குமேன்னு ஆசாரிகிட்ட நாந்தான் சொன்னேன். ஒழுகினதும் உருளியை நாந்தான் கொண்டு வச்சேன். வச்சதையும் மறந்துட்டேன். அக்காளுக்கு ஒண்ணும் தெரியாது."

மகன் கத்தினான். "உங்க ஆசைக்கு ஒரு அளவில்லியாம்மா? கூரையே உக்காந்திருக்குமே!" தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். உங்கள் மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பூட்டியிருந்த பாதிக்குள் இவள் எப்படி உருளி வைத்தாள் என்று அவள் கண் கேட்டது. உங்கள் மகளல்லவா, நம்புவாளா?

ஏன் சொல்லவில்லை என்று இனி உங்களிடம் கேட்க மாட்டேன். சொல்லியிருந்தால் நான் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பேன். ஓடு மாற்ற ஆளைக் கூப்பிட்டால் அறுத்தது தெரிந்துவிடும். அதனால் வாளி தூக்கினீர்கள். இடவப்பாதியிலும் ஐப்பசித் துலா மழையிலும், முட்டி வீங்கின காலத்திலும், படி ஏறித் தவழ்ந்துபோய் அந்தத் தண்ணீரைக் கோரிக் கோரி எடுத்தீர்கள். உயரமில்லாத அந்த இடத்தில் வாளி நிற்காது, உருளிதான் நிற்கும். அதையும் பார்த்துப் பார்த்து என்னுடையதையே எடுத்தீர்கள் பாருங்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் விடாமல் அரித்தது. இத்தனை வருஷம் தண்ணீர் சுமந்தது உங்கள் மானத்துக்கா, என் சேலைக்கா? உருளி கழுவும்போதும், கறையைத் தேய்க்கும்போதும், இந்தப் புது அலமாரி எழும்பும்போதும் இதையேதான் யோசித்தேன். வழக்கம்போல முதலில் கெட்டதைத்தான் நினைத்தேன். மானத்துக்குத்தான், வேறெதற்கு என்று. பிறகு இந்தச் சாவியைப் பார்த்தேன். மானம்தான் பெரிது என்றால் இதை என்னிடம் தந்திருக்க மாட்டீர்கள். மகளிடம் தந்திருப்பீர்கள், அவள் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் ஒதுக்கியிருப்பாள். திறந்தால் உங்கள் வண்டவாளம் முழுக்க எனக்குத் தெரிந்துபோகும் என்று தெரிந்தேதான் என் கையில் வைத்து அழுத்தினீர்கள். உங்களுக்கு அன்று மானம் போனாலும் என் சேலை நனையக்கூடாது. நான் உங்களை நம்பி ஒரே ஒரு தடவை அந்தப் படி ஏறியிருக்கலாம், அக்கா.

புதுப் பட்டியல் அடித்து, ஓடு மாற்றியாயிற்று. கூரை இறங்குகிற அந்த மூலையில் இழுப்பறை வைத்தால் இடம் வீணாகாது என்று இன்டீரியர்காரர் படம் வரைந்து காட்டினார். வேண்டாம் என்றேன். ஒரு சின்னக் கதவு மட்டும் போடச் சொன்னேன், உள்ளே ஒரு உருளி நிற்கிற அளவுக்கு. நடுப்பலகை இல்லை. பாதி பிரிக்க இனி யார் இருக்கிறார்கள்?

எழுதிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துவிட்டது. முட்டிபோட்டுப் போய்க் கதவைத் திறந்து, கழுவி உள்ளே வைத்திருந்த உருளிக்குள் கை விட்டுப் பார்த்தேன். ஈரமில்லை. விளிம்பைத் தடவினேன், பலகையைத் தடவினேன், எங்கும் ஈரமில்லை. ஆனாலும் மழை விட்டு வெறிக்கும்வரை அங்கேயே இருந்தேன். கீழே இறங்கினால் படியடியில் மருமகள் நிற்கிறாள். முதலில் என் கையைப் பார்த்தாள், பிறகுதான் முகத்தை.

"அத்தே, மழைக்குள்ள மேல என்ன சோலி?"

"வத்தல் நனையுதான்னு பாத்தேன் மக்கா" என்றேன்.

இந்த வீட்டில் வத்தல் போட்டுப் பல வருஷம் ஆகிறது. அது அவளுக்கும் தெரியும்.